ஒரு லட்ச ரூபாய் சவால்... கடைசிவரை யாரும் ஜெயிக்கல! யார் இந்த ஆபிரகாம் கோவூர்?

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ராத்திரி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறீர்கள். பக்கத்துப் புத்தகக் கடையில் பேய், மறுபிறவி, பறக்கும் தட்டு, ஏலியன்னு ஏதாவது ஒரு மர்மப் புத்தகம் கண்ணில் படும். வாங்கிப் படிப்பதில் தப்பே இல்லை, செம சுவாரஸ்யமா போகும். ஆனா, அதில் எதை நம்புறது? இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர் ஆபிரகாம் கோவூர்.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

1898-ல் கேரளாவின் திருவல்லாவில் பிறந்தவர். அப்பா மார்த்தோமா திருச்சபையின் குரு. கொல்கத்தாவில் படித்தபோது, ஊர்ப் பெரியவர்கள் கங்கைத் தண்ணீர் கேட்டார்களாம். இவரோ வழியில் ஒரு ரயில்வே ஸ்டேஷன் குழாயில் பிடித்த தண்ணீரைக் கொடுத்துவிட்டார். அதைக் குடித்தும் நோய் குணமானதாகச் சிலர் சொன்னார்கள். இது அவரே பின்னாளில் பகிர்ந்த அனுபவம்.

1928-ல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராகப் போனார். பைபிள் பாடமும் எடுக்கச் சொன்னார்கள். மாணவர்கள் நல்ல மார்க் வாங்கினார்கள், ஆனால் பக்தி போய்விட்டது. அடுத்த வருஷம் அந்தப் பாடம் அவருக்குத் தரப்படவில்லை!

பேய் வீட்டில் யார்?

1959-ல் கொழும்பு தர்ஸ்டன் கல்லூரியில் ஓய்வு பெற்றபின் முழுநேரமாக இதில் இறங்கினார். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவரானார். பேய் இருப்பதாகச் சொன்ன வீடுகளுக்கு நேரில் போனார். கல் விழுவது, துணி எரிவது போன்ற சம்பவங்களுக்குப் பின்னால், பெரும்பாலும் அந்த வீட்டிலேயே மனம் நொந்த ஒருவர் இருந்ததாக எழுதினார். அவரை ஊர் முன்னால் அவமானப்படுத்தாமல் பேசி ஆறுதல் தருவது கோவூரின் வழி. பேய் பிடித்ததாக ஒரு பெண்ணை அடித்து ஓட்டுவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

அவர் எழுதிய ஒரு சம்பவம் 1972-ல் மலையாளத்தில் 'புனர்ஜன்மம்' என்ற படமானது. அடுத்த வருஷமே தமிழில் 'மறுபிறவி' வந்தது.

சவால் என்ன?

1963-ல் ஒரு லட்சம் இலங்கை ரூபாய் பரிசு அறிவித்தார். மூடி முத்திரையிட்ட ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்லலாம். கொப்புளம் வராமல் தீக்கனல் மேல் அரை நிமிடம் நிற்கலாம். இப்படிப் பல போட்டிகள், எது வேண்டுமானாலும் செய்யலாம். ஏமாற்ற முடியாத சூழலில் செய்யணும், அவ்வளவுதான்.

ஏன் 'நிற்க' வேண்டும்? கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். வேகமாக நடந்தால் கால் தப்பிவிடும், நின்றால் தப்பாது. 1978-ல் கோவூர் இறக்கும்வரை பரிசை யாரும் வாங்கவில்லை. கண்களையும் உடலையும் தானமாக எழுதிவைத்தார். எலும்புக்கூடு தான் வேலை பார்த்த கல்லூரியின் லேபுக்குப் போகணும் என்பது அவர் விருப்பம்.

அவரையும் கேளுங்கள்

கோவூர் சொன்னார் என்பதற்காக அப்படியே நம்பணுமா? வேண்டாம். அவர் எழுதிய சம்பவங்களில் பலவற்றுக்கு அவர் மட்டுமே சாட்சி. ஹிப்னாடிசம் மூலம் வரவழைக்கும் நினைவுகள் தவறாகவும் இருக்கலாம் என்கிறது இன்றைய உளவியல். ஏலியன் புத்தகத்துக்கு வைக்கிற அதே அளவுகோல்தான் அவருக்கும்.

யார் பார்த்தது, வேறு யாராவது சோதித்தார்களா, சாதாரணக் காரணம் ஏதும் இருக்கா? மூன்றே கேள்விகள்.

1968-ல் எரிக் வான் டானிக்கன் எழுதிய புத்தகம், பழங்காலக் கட்டுமானங்களுக்குப் பின்னால் வேற்றுக்கிரகவாசிகள் இருக்கலாம் என்றது. அந்த மாதிரி வாட்ஸ்அப் ஃபார்வர்ட் வந்தால், மாட்டுத்தாவணியிலிருந்து ஒத்தக்கடைக்கு ஒரு டவுன் பஸ் ஏறுங்கள். அங்கே ஆனைமலையில் பாறையைக் குடைந்த நரசிங்கம் கோயில் இருக்கிறது. கி.பி. 770-ஐச் சேர்ந்த கல்வெட்டும் இருக்கிறது. பாண்டிய அமைச்சர் மாறன்காரி தொடங்கினார், அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முடித்தார் என்கிறது அது.

அண்ணன் விட்ட வேலையைத் தம்பி முடித்த கதை. ஏலியன் கதையைவிட இதுதானே நல்லா இருக்கு?