துபாசி ஆனந்தரங்கர்

பிள்ளைப்பாக்கம், ஒரகடம் வட்டாரத் தொழிற்கூடங்களில் அயல்நாட்டுப் பொறியாளர்க்கும் நம் தொழிலாளர்க்கும் இடையே நின்று பேச்சை மாற்றிச் சொல்லும் பணி நம் மாணவர் சிலர்க்கு வாய்க்கக்கூடும். அகராதி கொண்டு சொல்லைப் பெயர்த்துவிடலாம். மரபுத்தொடர் அதற்கு வசப்படுவதில்லை. பழைய நண்பனைத் தலைமுழுகிவிட்டதாக ஒருவர் கூறின், பிரெஞ்சுக்காரர் நீராடலையே நினைப்பார். இவ்விடரை வாழ்நாளெல்லாம் எதிர்கொண்டவர் புதுச்சேரித் துபாசி ஆனந்தரங்கப் பிள்ளை.

1709 மார்ச்சு 30ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை புதுச்சேரியிற் குடியேற, மகனும் அங்கேயே வளர்ந்து வணிகரானார். 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1742இல் ஆளுநராக வந்த துய்ப்ளே அவரை நம்பினார். 1747இல் தலைமைத் துபாசி ஆக்கினார்.

அப்பதவி எளியதன்று. நவாபுகளின் பாரசீக மடல்களில் புகழ்மொழிகள் அடுக்கடுக்காய் வரும். அவற்றினிடையே பதுங்கிக் கிடக்கும் கோரிக்கையைக் கண்டெடுத்துப் பிரெஞ்சுச் செவிக்கு உரைத்தல் வேண்டும். பிழைத்தால் விளைவது போர். 1746இல் சென்னையைப் பிடித்து நவாப் அன்வருத்தீன்கானிடம் ஒப்படைப்பதாகத் துய்ப்ளே வாக்களித்திருந்தார். கோட்டை கைக்கு வந்ததும் வாக்கு காற்றிற் போயிற்று. அடையாற்றங்கரையில் நவாபின் மைந்தர் மக்பூஸ்கானின் பெரும்படை சிறு பிரெஞ்சுப் படையிடம் தோற்றது. இத்தகைய நாட்களில், இரு தரப்புச் சொல்லையும் அறிந்தவன் நிலை என்னவாக இருந்திருக்கும்!

1749இல் முசாபர் சங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப் விருதும் செங்கற்பட்டுக் கிலேதார் பட்டமும் அளித்தார். நம் வட்டாரமும் நெடுங்காலம் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததே.

அவர் நாட்குறிப்பின் நடையைக் கொச்சை என ஒதுக்குவோர் உளர். அடியேன் கருத்து வேறு. பாரசீகமும் போர்த்துக்கீசியமும் பிரெஞ்சும் கலந்த அப்பேச்சுத் தமிழில் துய்ப்ளேயே நம் கடைத்தெருவில் நின்று உரையாடுவது போலத் தோன்றுகின்றார். பிரெஞ்சுச் சொல்லின் கருத்தை வாங்கித் தமிழ் மரபில் வைத்தமையால் அன்றோ அது இயன்றது! சன்னது, பர்வானா போன்ற சொற்களை வகுப்பில் நாம் விளக்கவேண்டியுள்ளது. அவர் காலத்திலோ அவை அன்றாட வழக்கு.

1754இல் துய்ப்ளே தாயகம் அழைக்கப்பட்டார். பிள்ளையவர்களின் செல்வாக்கும் சரிந்தது. 1756இல் பதவி போயிற்று. ஆங்கிலேயர் முற்றுகையில் நகரம் பசித்துக் கிடந்தபோது, 1761 சனவரி 12ஆம் நாள் காலமானார். நான்காம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. நாட்குறிப்பு 1846இல்தான் வெளியுலகின் கண்ணிற் பட்டது. 1904 முதல் 1928 வரை பன்னிரு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. செய்திகள் அதில் உள்ளன. அவருடைய குரலைக் கேட்கத் தமிழ் மூலத்திற்கே செல்லவேண்டும்.