கைவிளக்கேந்திய காரிகை

நோய் தீர நல்ல மருத்துவரும் நல்ல மருந்தும் இருந்தால் போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வள்ளுவப் பெருந்தகையோ நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிலிருந்து பணிவிடை செய்பவரையும் சேர்த்து, மருத்துவம் நான்கு கூறுடையது என்றார். அந்த நான்காம் கூற்றுக்கே தம் வாழ்நாளை ஈந்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். அவரது வரலாற்றை நாம் இங்குக் காண்போம்.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவர் பெயராயிற்று. கிரேக்கமும் இலத்தீனும் வரலாறும் தந்தையாரே கற்பித்தார். கணிதத்தில் அவருக்குத் தனி நாட்டம். 1837இல், பதினாறு வயதில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைப்பதாக உணர்ந்தார். நோயாளிகளுக்குப் பணி செய்வதே அத்தொண்டு என்று பின்னர்த் தெளிந்தார்.

ஆனால் அக்காலத்தில் மருத்துவமனைகள் அழுக்கும் நாற்றமும் நிறைந்தவை. தாதி வேலையை இழிவாகக் கருதினர். தாயும் தமக்கையும் அழுது தடுத்தனர். அம்மையார் திருமணத்தை மறுத்துப் பல ஆண்டுகள் பொறுமையுடன் காத்திருந்தார். 31 வயதில், 1851இல், ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் இல்லத்தில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853இல் இலண்டன் ஹார்லி தெருவில், நோயுற்ற பெண்களுக்கான சிறு மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். மாடிதோறும் வெந்நீர்க் குழாயும், உணவை மேலேற்றும் பொறியும், அழைப்பு மணியும் வேண்டும் என்று கேட்டார். தாதி படியேறி இறங்கிக் களைத்துவிட்டால் நோயாளியை யார் கவனிப்பது என்பதே அவர் கவலை.

1854இல் கிரிமியப் போர் மூண்டிருந்தது. அம்மையார் 38 பெண்களுடன் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். அவர்களுள் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர். பெர்மான்சி மடத்தின் அன்னை மேரி கிளேர் மூர் அவருக்கு உயிர்த்தோழியானார். துணிகளை வெளுக்கவும், நலிந்தோருக்கு ஏற்ற உணவைச் சமைக்கவும் அவர்கள் ஏற்பாடு செய்தனர். இரவில் கைவிளக்குடன் கட்டில் கட்டிலாக அம்மையார் வலம் வந்தார்.

இத்தனை அன்பிருந்தும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் மாண்டனர். கட்டடத்தின் அடியிலேயே சாக்கடை அடைபட்டுக் கிடந்தது. மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்தைச் சீர்செய்தது. சில மாதங்களில் சாவு நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது. 1856இல் நாடு திரும்பிய அம்மையார், புள்ளியியல் அறிஞர் வில்லியம் பார் துணையுடன் கணக்குகளை ஆராய்ந்தார். காயத்தைவிடத் தூய்மையின்மை தந்த நோயே மிகப் பலரைக் கொன்றது என்று கண்டார். தம் கண்ணெதிரே நடந்த அந்தக் கொடுமையை அவர் மறைக்கவில்லை. வண்ண வரைபடங்களாக்கி 1858இல் அரசின் முன் வைத்தார். அறிவில்லாத அன்பு போதாது என்பதை நாம் இங்கே கற்கிறோம்.

அடுத்த ஆண்டு அவர் எழுதிய 'நோட்ஸ் ஆன் நர்சிங்' என்னும் நூல், உடலைத் தேற்றுவது இயற்கையே என்றும், அதற்கு வழிவிடுவதே செவிலியர் கடமை என்றும் கூறுகிறது. தூய காற்று, வெளிச்சம், ஏற்ற உணவு, அமைதி ஆகியவை வேண்டும். அறை வாசலில் கிசுகிசுப்பதும், பொய்யான ஆறுதல் சொல்வதும் நோயாளிக்குத் தீங்கு. வண்ண மலர்களும், குழலிசையும், வளர்ப்புப் பிராணிகளும் நன்மை தரும். கிரிமியாவில் தாம் காய்ச்சலில் கிடந்தபோது, ஒரு காட்டுப் பூங்கொத்து வந்தபின் விரைவாகத் தேறியதை அவர் நினைவுகூர்கிறார்.

1860இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். பின்னர்ப் பல ஆண்டுகள் நோய்ப் படுக்கையில் இருந்தபடியே எழுதினார். கண்ணால் காணாத நம் இந்தியாவின் சுகாதாரத்துக்காகவும் உழைத்தார். 1907இல் 'ஆர்டர் ஆப் மெரிட்' விருதைப் பெற்ற முதற்பெண்மணியானார். 1910 ஆகஸ்ட் 13இல், தம் 90ஆம் வயதில் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தும் குடும்பத்தார் ஏற்கவில்லை. கிராமக் கல்லறையில் அவர் பெயர் முதலெழுத்துகளாக மட்டுமே பொறிக்கப்பட்டது.

அவர் கனவிலும் காணாத இதய அறுவைச் சிகிச்சை இன்று நடக்கிறது. அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். உடல் தேறவோ வாரக்கணக்காகும். இருமும்போது மார்பு நோகாதபடி தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லித் தருபவர் செவிலியர். ஆழ்ந்து மூச்சுவிடப் பழக்குவதும், கைபிடித்து முதலடி நடத்துவதும், இரவு உறக்கம் கெடாமல் காப்பதும் அவரே. மெல்லிய இசை கேட்கச் செய்வோரும் உண்டு. இவை மருந்துக்கு மாற்றல்ல, மருந்துக்குத் துணை.

தோழியரே! நாம் எல்லோரும் செவிலியர் ஆகாமல் போகலாம். எனினும் நம் வீட்டில் பாட்டியோ தம்பியோ படுத்திருக்கும்போது, சன்னலைத் திறந்து வைக்கவும், வானொலியின் ஒலியைக் குறைக்கவும், ஒரு பூவை அருகில் வைக்கவும் நம்மால் முடியும். அம்மையார் ஏந்திய விளக்கை நாமும் ஏந்துவோமாக!