முறிச்சீட்டை மீறிய அச்சுத் தொழிலாளி

மின்னலை ஆராய்ந்த அறிஞர், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர் என்று பெஞ்சமின் பிராங்ளினை நாடறியும். அதற்கு வெகு முன்னரே அவர் கையொப்பமிட்ட பத்திரம் ஒன்றுண்டு, தோழர்களே! விடுதலைப் பத்திரமல்ல; தன்னையே கட்டிக்கொடுத்த பத்திரம்!

பாஸ்டன் நகரில் 1706-ல் பிறந்தவர். தந்தை மெழுகுவத்தி வார்த்துப் பிழைத்தவர். பெற்ற மக்களோ 17 பேர். பள்ளிப் படிப்பு 2 ஆண்டோடு சரி. 1718-ல், 12 வயதில், அண்ணன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்துக்கு முறி எழுதிக் கொடுத்தார். 21 வயது வரை உழைக்க வேண்டும். கடைசி ஓராண்டுக்குத்தான் கூலி!

இத்தகைய பத்திரத்தைப் பழைய வழக்கப்படி ஒரே தாளில் இருமுறை எழுதி, நடுவே பல்பல்லாக வெட்டுவார்கள். எஜமானனுக்குப் பாதி, உழைப்பவனுக்குப் பாதி. வழக்கென்று வந்தால் பல்லோடு பல் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். இண்டெஞ்சர் என்ற பெயரே பல் என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

அண்ணனும் ஆட்சியைச் சாடிச் சிறை கண்டவர்தான். ஆனால் தம்பியை அடிக்கத் தயங்கவில்லை! 1723-ல் ஏடு நடத்த அவருக்குத் தடை வந்தது. தம்பி பெயரில் ஏட்டை வெளியிட்டார். முறியில் கட்டுண்ட பையன் வெளியீட்டாளனாவது எப்படி? பழைய பத்திரத்தின் பின்புறம் விடுதலை எழுதினார், ஊருக்குக் காட்ட. மிச்ச ஆண்டுகளுக்கு வேறொரு பத்திரம், ஊருக்குத் தெரியாமல்!

அந்தச் சூழ்ச்சியே அவரைக் கவிழ்த்தது. இரகசியப் பத்திரத்தை வெளியே எடுத்தால் குட்டு உடைந்துவிடுமே! அதை அறிந்த 17 வயதுத் தம்பி வெளியேறினான். பாஸ்டனில் எவரும் வேலை தராதபடி அண்ணன் சொல்லிவைத்தார். தம்பி பிலடெல்பியா போய்ச் சேர்ந்தான்.

எத்தனை பேருக்கு அந்த வாய்ப்பு? பிலடெல்பியா மேயர் அலுவலகத்தின் 1771–1773 பதிவேடு அழியாமல் நிற்கிறது. யார், யாரிடம், எத்தனை ஆண்டு, என்ன விலை என்று வரிவரியாக! 1860-ல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேறிய நம்மவர் கைநாட்டு வைத்த ஒப்பந்தத்துக்கும் அதே பெயர்தான்.

ஒன்றை மறைக்கலாகாது. முதலாளியான பிராங்ளின், 1740-ல் அந்த ஜேம்ஸின் மகனையே முறியெழுதி எடுத்துக்கொண்டார். தொழில் கற்பித்து, அண்ணனுக்குச் செய்த பிழைக்கு ஈடு கட்டுவதாக எண்ணினார். ஓடிப்போன வேலையாட்களையும் அடிமைகளையும் பிடித்துத் தரும்படி விளம்பரங்கள் அவர் ஏட்டிலேயே வந்தன. ஓடிவந்தவரின் ஏட்டில்! வீட்டிலும் அடிமைகள் இருந்தனர்.

முதுமையில் மனம் மாறியது. 1787-ல் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790 பிப்ரவரியில், அடிமை முறையை ஒழிக்கக் கோரும் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். அடிமைகளை விடுவிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று மன்றம் கைவிரித்தது. ஏப்ரல் 17-ல் பிராங்ளின் மறைந்தார்.