ஜி.டி.நாயுடு: பைக்கைக் கழற்றிப் படித்தவர் மோட்டார் தயாரித்த கதை
கோவை அருகே கலங்கலில் 1893-ல் பிறந்த ஜி.டி.நாயுடுவுக்குப் பள்ளிப் படிப்பு ஒட்டவில்லை. பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரின் மோட்டார் பைக்கைப் பார்த்ததும் ஆசை வந்தது. ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதையே வாங்கி, கழற்றி மாட்டித் தொழில் கற்றார். 1920-ல் பொள்ளாச்சி - பழனி இடையே ஒரே ஒரு பஸ் விட்டார், ஓட்டுநரும் அவரே.

ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியது 1936. மில்கள் பெருகிய அந்தக் காலத்தில் மோட்டார் என்றால் வெளிநாட்டுச் சரக்குதான். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இங்கேயே மோட்டார் தயாரித்துக் காட்டினார். 1974-ல் மறைந்தார்.

இன்று ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வீட்டிலேயே சின்ன சிஎன்சி மெஷின் கட்டுறவங்களுக்கும் அதே வழிதான். டிரைவ்ல கரண்ட் கூடினா மோட்டார் கொதிக்கும், குறைஞ்சா ஸ்டெப் தவறும். மோட்டாரில் போட்டிருக்கும் ஆம்பியரைப் பார்த்து வைத்து, ஓட்டிப் பார்த்துத்தான் சரி செய்யணும்.