சமையலறையில் கூடிய சபை



ஜான் வெஸ்லியின் எழுப்புதலைப் பற்றி நாம் அநேகந்தரம் கேட்டிருக்கிறோம். இம்முறை அவருடைய தாயார் சூசன்னாள் அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன். இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் மாகாணத்தில் எப்வொர்த் என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் சதுப்பு நிலம். மெத்தடிஸ்ட் சபையின் சரித்திரத்தில் அந்த ஊருக்குப் பெரிய பெயர். ஆனால் அங்கே முதல் எழுப்புதல் ஆலயத்தில் உண்டாகவில்லை, ஒரு வீட்டுச் சமையலறையில் உண்டானது. நடத்தினவர் ஒரு ஸ்திரீ. அதற்கும் நம்ம தரங்கம்பாடிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அது பலருக்குத் தெரியாது.

சூசன்னாள் 1669ல் லண்டனில் பிறந்தார். தகப்பனார் டாக்டர் சாமுவேல் ஆன்ஸ்லி ஒரு பியூரிட்டன் போதகர். அரசாங்க சபையின் ஒழுங்குக்கு உட்பட மறுத்ததால் 1662ல் தன் ஆலயத்தை இழந்தவர். அவருக்கு இவர் 25வது பிள்ளை! பதின்மூன்று வயதுக்குள்ளேயே இரண்டு பக்கத்து நியாயங்களையும் யோசித்துப் பார்த்து, தகப்பன் விட்டுவந்த இங்கிலாந்து சபையிலேயே நான் சேருகிறேன் என்று முடிவு பண்ணிவிட்டார். தகப்பனாரும் தடுக்கவில்லை. சின்ன வயதிலேயே எப்பேர்ப்பட்ட மனவுறுதி பாருங்கள்.

1688ல் சாமுவேல் வெஸ்லி என்ற குருவானவரோடு விவாகம். சில வருஷங்களில் எப்வொர்த் சேகரத்துக்கு வந்தார்கள். ஏறக்குறைய 40 வருஷம் அங்கேயே ஊழியம். பிள்ளைகள் 19; அதில் 9 பேர் சிறுவயதிலேயே இறந்துபோனார்கள். குருவானவருக்குப் படிப்பு அதிகம், கவிதை எழுதுவார், ஆனால் கையில் காசு தங்காது. 1705ல் 30 பவுனுக்கும் குறைந்த கடனுக்காக அவரை லிங்கன் கோட்டைச் சிறையில் போட்டார்கள். அம்மையார் தன் மோதிரங்களைக் கழற்றி அனுப்பினார். அவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த நாட்களில் ஊர் விரோதிகள் அவர்களுடைய பசுக்களையும் கத்தியால் குத்திவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாலும் போயிற்று. பட்டினி கிடந்தீர்களா என்று யார்க் பேராயர் ஒருமுறை விசாரித்தார். ரொட்டி இல்லாமல் இருந்ததில்லை, ஆனால் அதைத் தேடுவதும் பிறகு அதற்குப் பணம் கட்டுவதும் அந்த ரொட்டியையே கசப்பாக்கிவிட்டது என்று அம்மையார் பதில் சொன்னார். கடன்பட்ட வீட்டில் அடுப்பு எரிக்கிற தாய்மாருக்கு இது விளங்கும்.

1709 பிப்ரவரி 9 இரவு குருமனை தீப்பிடித்தது. எல்லாரும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள், ஐந்து வயது ஜான் மட்டும் மாடியில் அகப்பட்டுக்கொண்டான். ஏணி கொண்டுவர நேரமில்லை. ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி ஜன்னல் வழியாகப் பிள்ளையை இழுத்த மறுநிமிஷம் கூரை உள்ளே விழுந்தது. சகரியா புத்தகத்தில் வரும் கொள்ளிக்கட்டை நான்தான் என்று வெஸ்லி ஆயுள் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தார். இங்கே ஒரு காரியம். அதே நாட்களில் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடி கோட்டையில் சிறைப்பட்டிருந்தார். 1706ல் டென்மார்க் ராஜா அனுப்பி வந்த மிஷனெரி அவர். நாலு மாதம் அவரை அடைத்து வைத்தவன் டேனிஷ் கவர்னரே! ஒரு கோடியில் தீ, மறு கோடியில் சிறை. இரண்டையும் தேவன் ஒன்றாய்ச் சேர்க்கப்போகிறார் என்று அன்று யாருக்குத் தெரியும்?

சீகன்பால்கும் அவர் கூட்டாளி புளுட்சோவும் எழுதின ஊழிய விவரங்கள் இங்கிலீஷில் புத்தகமாய் வந்தன. அது எப்வொர்த் குருமனைக்கும் வந்து சேர்ந்தது. மூத்த மகள் எமிலி அதைத் தகப்பனார் அறையில் கண்டுபிடித்துத் தாயாருக்கு வாசித்துக் காட்டினாள். தரங்கம்பாடியில் நம் முற்பிதாக்கள் மத்தியில் அந்த இரண்டு பேர் பட்ட பிரயாசம் அம்மையாரின் இருதயத்தைப் பிடித்துக்கொண்டது. பல நாள் அவருக்கு வேறு நினைப்பே இல்லை. நான் ஆண்பிள்ளையுமல்ல, குருவுமல்ல, ஆனாலும் இப்போது செய்வதைவிட அதிகம் செய்யலாமே என்ற பாரம் வந்தது. இதைத் தன் கைப்படக் கணவருக்கு எழுதியிருக்கிறார்.

என்ன செய்தார்? முதலில் தன் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையோடும் வாரத்தில் ஒரு சாயங்காலம் தனியே உட்கார்ந்து அதன் ஆத்துமாவைப் பற்றிப் பேசுவார். வியாழக்கிழமை ஜானுக்கு, சனிக்கிழமை சார்லஸுக்கு. பிற்பாடு ஆக்ஸ்போர்டில் பெரிய படிப்பாளியாய் இருந்தபோதும், அந்த வியாழக்கிழமை நேரத்தில் எனக்காகக் கொஞ்சம் ஒதுக்குங்கள் என்று ஜான் தாயாருக்குக் கடிதம் எழுதினார்.

1711 கடைசியில் குருவானவர் குருமார் மாமன்றத்துக்காக லண்டனுக்குப் போய்விட்டார். இன்மன் என்ற உதவிக் குருவானவர் ஆலயத்தைப் பார்த்துக்கொண்டார். ஞாயிறு சாயங்காலம் ஜனங்களுக்கு ஆகாரமில்லை. அம்மையார் சமையலறையில் பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் உட்காரவைத்து ஜெபம் பண்ணி, ஒரு நல்ல பிரசங்கத்தை வாசித்துக் காட்டினார். வேலைக்காரப் பையன் போய்த் தன் வீட்டில் சொன்னான். அவன் அப்பா அம்மா நாங்களும் வரலாமா என்று கேட்டார்கள். பிறகு அண்டை வீட்டார். 30, 40 பேர் ஆனார்கள். கொஞ்ச நாளில் 200க்கு மேல்! இடமில்லாமல் திரும்பிப் போனவர்கள் பலர். முன்பு சாயங்கால ஆராதனைக்கு வந்தவர்களோ 20, 25 பேர்தான்.

சும்மா விடுவார்களா? இன்மனும் வேறு சிலரும் லண்டனுக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். அனுமதியில்லாத கூட்டமாம். ஊர் ஒரு மாதிரியாய்ப் பேசுமே, நீ ஸ்திரீயாயிற்றே, என் அந்தஸ்து என்னாவது, வேறு யாராவது வாசிக்கக்கூடாதா என்று கணவர் கேட்டார். அம்மையார் கோபப்படாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். அடி எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த ஆண்பிள்ளை அந்தக் கூட்டத்தில் ஒருவனும் இல்லையாம்! பகையாயிருந்த அண்டைவீட்டார் சமாதானமானதையும் சொன்னார். கடைசியாக ஒன்று எழுதினார். எனக்கு அதுதான் முக்கியமாய்ப் படுகிறது. நிறுத்த வேண்டுமானால் உங்கள் விருப்பம் என்று மட்டும் எழுதாதீர்கள், தெளிவான கட்டளையாகவே அனுப்புங்கள். நியாயத்தீர்ப்பு நாளில் இந்த ஜனங்களைக் குறித்த கணக்கு என்மேல் வராதிருக்கட்டும் என்றார். கீழ்ப்படிகிறேன், ஆனால் பொறுப்பு உமது. கணவர் அந்தக் கட்டளையை அனுப்பவேயில்லை. அவர் திரும்பி வரும்வரை கூட்டம் நடந்தது. பிள்ளை ஜானுக்கு அப்போது எட்டு வயது. அந்தச் சமையலறையில் அவனும் உட்கார்ந்திருந்தான்.

ஜெபிக்கும்போது அம்மையார் ஏப்ரனைத் தலைமேல் போட்டுக்கொள்வார் என்று நாம் பிரசங்கிக்கிறோமே, அதை நான் விட்டுவிடுகிறேன். அவர் எழுதிய கடிதங்களே போதும். எல்லாம் நன்றாய் நடந்தது என்றும் சொல்லமாட்டேன். பிள்ளையின் சுயசித்தத்தை முதலில் அடக்கவேண்டும் என்று பிரம்பு வைத்து வளர்த்தவர். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. பெண்பிள்ளைகளில் அநேகருக்கு விவாக வாழ்க்கை கண்ணீராய்ப் போயிற்று.

1735ல் கணவர் இறந்தார். குருமனையை விட்டுப் பிள்ளைகள் வீடுகளில் மாறிமாறித் தங்கினார். பின்பு லண்டனில், பழைய பீரங்கி வார்க்கும் பட்டறையை ஜான் ஆராதனைக் கூடமாக மாற்றியிருந்த இடத்தில் வந்து தங்கினார். அங்கேதான் மாக்ஸ்ஃபீல்டு சங்கதி நடந்தது. தாமஸ் மாக்ஸ்ஃபீல்டு அபிஷேகம் பெற்ற குருவல்ல, சாதாரண விசுவாசி. ஜான் ஊரில் இல்லாதபோது பிரசங்கிக்க ஆரம்பித்துவிட்டார். கேள்விப்பட்ட ஜான் தடுத்து நிறுத்த அவசரமாய் வந்தார். தாயார் மகனை மறித்து, ஜாக்கிரதை, உன்னைத் தேவன் அழைத்தது எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயமாய் இவரையும் அழைத்திருக்கிறார், முதலில் நீயே அவர் பிரசங்கத்தைக் கேள் என்றார். கேட்ட ஜான் பணிந்துவிட்டார். மெத்தடிஸ்ட் சபையில் குருப்பட்டமில்லாத பிரசங்கிகளுக்குக் கதவு அப்படித் திறந்தது. என்னைப்போல பட்டமில்லாமல் ஊழியம் செய்கிறவர்கள் இதை இரண்டுதரம் வாசிக்கலாம்.

1742 ஜூனில் ஜான் எப்வொர்த்துக்குப் போனார். சத்திரத்தில் தங்கியிருந்த அவரைத் தேடி முதலில் வந்தது தகப்பனாரின் பழைய வேலைக்காரியும் இரண்டு மூன்று ஏழை ஸ்திரீகளும்தான். ஜூன் 6 ஞாயிறு, ஆலயத்தில் நான் உதவி செய்யட்டுமா என்று கேட்டார். ரோம்லி என்ற உதவிக் குருவானவர் முடியாது என்றுவிட்டார். தான் ஞானஸ்நானம் பெற்ற ஊர், தகப்பனார் 40 வருஷம் நின்ற பிரசங்கபீடம்! சாயங்காலம் ஆறு மணிக்கு ஆலயத்துக்கு வெளியே தகப்பனாரின் கல்லறைமேல் ஏறி நின்று பிரசங்கித்தார். எப்வொர்த் அதுவரை காணாத கூட்டம். அந்த வாரத்தில் மறுபடியும் அதே கல்லறை.

அடுத்த மாதம் 73வது வயதில் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நான் விடுதலையானவுடனே துதியின் சங்கீதம் பாடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார், அப்படியே பாடினார்கள். லண்டன் பன்ஹில் மைதானத்தில் அடக்கம்.

எப்வொர்த்தில் 1889ல் வெஸ்லி ஞாபகார்த்த மெத்தடிஸ்ட் ஆலயம் எழும்பியது. தீக்குப்பின் செங்கல்லால் கட்டின குருமனையும் நிற்கிறது. மெத்தடிஸ்டுகள் அதைக் காட்சிசாலையாய் வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் அந்தச் சமையலறைக்குள்ளும் போய் நிற்கலாம்.