வள்ளுவருக்கு முகம் தந்த ஓவியர்

பேராக்கில் தமிழ்ப்பள்ளிக்குப் போனவர்கள் அந்தப் படத்தை மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளை ஆடை, அடர்ந்த தாடி, உச்சியில் முடிந்த கொண்டை, ஒரு கையில் எழுத்தாணி, மறு கையில் ஓலை. சுங்கை சிப்புட் தோட்டப் பள்ளியானாலும் ஈப்போ நகரப் பள்ளியானாலும் திருவள்ளுவருக்கு அதே முகம்தான். ஆனால் அந்த முகத்தைத் தீட்டியவர் யார் என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது.

அவர்தான் ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா. 1908ஆம் ஆண்டு பிறந்தவர். வள்ளுவரை வரைய வேண்டும் என்ற எண்ணத்தைப் பல ஆண்டுகள் மனத்தில் சுமந்தவர்.

அது எளிய வேலையல்ல. வள்ளுவரின் தோற்றத்துக்கு எந்தச் சான்றும் கிடையாது. அவர் பிறந்த ஊர், வாழ்ந்த காலம் பற்றிக்கூட அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

ஐரோப்பிய ஓவியர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. பண்டைய கிரேக்க ஞானி ஹெராக்ளிடஸ், உலகின் நிலையாமையை எண்ணி அழுதவர் என்று பிற்காலத்தார் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை வைத்தே டச்சு ஓவியர் டெர் புருகன் 1628இல் அவரைச் சோகம் கவிந்த முதியவராகத் தீட்டினார். ஞானி மறைந்து 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

சர்மாவுக்குத் துணை நின்றவை 1,330 குறட்பாக்கள். குறளில் அவர் கண்டது சோகத்தை அல்ல, தெளிவை. முன்பு வள்ளுவரை வரைந்த சிலர் சமயச் சின்னங்களை அணிவித்திருந்தார்கள். சர்மாவின் வள்ளுவருக்கு நெற்றியில் குறியில்லை, மார்பில் நூலில்லை, கழுத்தில் மாலையில்லை.

1960இல் இந்திய அரசு வள்ளுவர் அஞ்சல்தலை வெளியிட்டபோது சர்மாவின் ஓவியமே அதில் இடம்பெற்றது. 1964 மார்ச்சில் அன்றைய இந்தியத் துணைக் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் அந்தப் படத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் திறந்து வைத்தார். 1967இல் அரசு அலுவலகங்களில் அதை மாட்டும்படி அங்கே ஆணை பிறந்தது. சர்மா 1989இல் காலமானார்.

அந்தப் படம் கடல் கடந்து நம் தோட்டங்களுக்கும் வந்தது. தோட்டத்தில் பல சாதியினர் இருந்தார்கள், பல சமயத்தினரும் இருந்தார்கள். எல்லோரும் தம்மவர் என்று சொல்லிக்கொள்ள அந்த வெறும் நெற்றி இடம் கொடுத்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. பள்ளிகள் இடம் மாறியபோதும் வள்ளுவர் படம் கூடவே போனது.

அந்தப் படத்தின் கீழே சர்மாவின் பெயரையும் ஒரு வரி எழுதி வைக்கலாம். நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.