எஞ்சின் மாறினாலும் வாய்க்கால் மாறவில்லை!
கம்ப்யூட்டர் மேதை கேரி கில்டாலின் வாழ்க்கை

புதுக்கோட்டை கீழராஜ வீதிப் பக்கம் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் திறந்து போட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் 'மதர்போர்டு' என்ற பெரிய பலகையைக் கழற்றுவார்கள். கணக்குப் போடும் 'பிராசசர்' சில்லையும் எடுத்துவிடுவார்கள். புதுப் பலகையும் புதுச் சில்லும் உள்ளே போகும்.

கம்ப்யூட்டருக்கு மூளையே மாறிவிட்டது! ஆனால் பித்தானை அழுத்தியதும் பழைய திரை அப்படியே வருகிறது. கடைக் கணக்கு இருக்கிறது. கல்யாணப் படம் இருக்கிறது. பிள்ளையின் பாடக் குறிப்பும் இருக்கிறது.

இது எப்படி நடக்கிறது? இதற்கு வழி கண்டவர் ஓர் அமெரிக்கர். அவர் பெயர் கேரி கில்டால். உலகம் அவரால் பயன் அடைந்தது. ஆனால் பெரும் பணமும் பெரும் புகழும் வேறு ஒருவருக்குப் போயின.

மாலுமிப் பள்ளி

கில்டால் 1942ஆம் ஆண்டு மே மாதம் 19ந் தேதி சியாட்டில் நகரில் பிறந்தார். அது கடற்கரைப் பட்டணம். அவரது குடும்பத்தார் அங்கே ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார்கள். கப்பல் ஓட்டும் கலையை அங்கே கற்றுக் கொடுத்தார்கள். வாலிப வயதில் கில்டாலும் அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

கணக்கு வாத்தியார் ஆகவேண்டும் என்பது அவரது ஆசை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கம்ப்யூட்டரைக் கண்டார். அதோடு அவர் மனம் அதன் பக்கம் போய்விட்டது. 1963இல் டோரதி என்ற பெண்ணை மணந்தார்.

அப்போது அமெரிக்க வாலிபர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை இருந்தது. கில்டால் கடற்படைக்குப் போனார். கலிபோர்னியாவில் மான்டரே என்ற ஊரில் கடற்படையின் உயர்கல்விக் கூடம் இருக்கிறது. அங்கே ஆசிரியர் வேலை கிடைத்தது. 1972இல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

நகம் அளவு சில்லு

1971இல் 'இன்டெல்' கம்பெனி ஒரு சிறு சில்லை விற்பனைக்கு விட்டது. அது விரல் நகத்தை விடச் சிறியது. கம்ப்யூட்டரின் மூளை வேலை முழுவதும் அதற்குள் அடங்கியிருந்தது.

கில்டால் அதில் மனத்தைப் பறிகொடுத்தார். வாரத்தில் ஒரு நாள் இன்டெல் கம்பெனிக்குப் போய் வேலை செய்தார். சில்லுக்குக் கட்டளை எழுதப் புது மொழி ஒன்றை உண்டாக்கினார்.

1974இல் 'சிபி/எம்' பிறந்தது. அது ஓர் இயங்குதளம். இயங்குதளம் என்றால் என்ன? கம்ப்யூட்டரின் உறுப்புகளை எல்லாம் மேய்க்கும் மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். விசையைத் தட்டினால் எழுத்தைத் திரையில் காட்டுவது அதன் வேலை. எழுதியதைத் தட்டில் பதிந்து வைப்பதும் அதன் வேலை.

கில்டாலும் டோரதியும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதற்கு 'டிஜிட்டல் ரிசர்ச்' என்று பெயர் நிலைத்தது. வியாபாரத்தை டோரதி கவனித்தார். கில்டால் ஆராய்ச்சியைக் கவனித்தார்.

வந்தது தொல்லை!

அப்போது ஒரு தொல்லை எழுந்தது. கம்பெனிக்குக் கம்பெனி கம்ப்யூட்டரை ஒவ்வொரு விதமாகச் செய்தார்கள். ஒன்றில் தட்டு வேறு. இன்னொன்றில் திரை வேறு. யந்திரம் மாறும்போதெல்லாம் கில்டால் உட்கார்ந்து சிபி/எம்மைத் திருத்த வேண்டியிருந்தது. 'இம்சாய்' என்ற கம்பெனிக்குத் திருத்திக் கொடுக்கும்போது அவருக்கு அலுத்துப்போய்விட்டது.

இதற்கு ஒரு முடிவு கட்ட எண்ணினார். யந்திரத்தைத் தொடும் வேலைகளை எல்லாம் தனியே பிரித்தார். அவற்றை ஒரு சிறு பகுதியாகக் கட்டினார். அதற்கு 'பயாஸ்' என்று பெயர் வைத்தார். யந்திரம் மாறினால் அந்தச் சிறு பகுதியை மட்டும் மாற்றினால் போதும். மற்றதில் கை வைக்க வேண்டாம்.

ஆலங்குடிப் பக்கத்து விவசாயிக்கு இது எளிதில் புரியும். கிணற்றில் முன்பு கமலை இருந்தது. பிறகு ஆயில் எஞ்சின் வந்தது. அதன் பிறகு மின்சார மோட்டார் வந்தது. அதற்காக வாய்க்காலை யாராவது மாற்றி வெட்டினார்களா? இல்லை. கிணற்று மேட்டில் தண்ணீர் விழும் இடத்தை மட்டும் புதுக் குழாய்க்கு ஏற்றபடி சரி செய்தார்கள். வாய்க்கால் பழைய வாய்க்கால்தான். வயலும் பழைய வயல்தான்.

கில்டால் செய்ததும் அதுதான். நூற்றுக்கணக்கான விதக் கம்ப்யூட்டர்களில் சிபி/எம் ஓடத் தொடங்கியது. பணம் கொட்டியது. கில்டால் சொந்தமாக ஆகாய விமானம் வாங்கி ஓட்டினார்.

கை நழுவிய வாய்ப்பு

1980ஆம் ஆண்டு. உலகப் புகழ் பெற்ற 'ஐபிஎம்' கம்பெனி சிறு கம்ப்யூட்டர் செய்ய முடிவு செய்தது. அதற்கு இயங்குதளம் தேவை. ஐபிஎம் அதிகாரிகள் பசிபிக் குரோவ் என்ற ஊரில் இருந்த கில்டாலின் கம்பெனிக்கு வந்தார்கள்.

அன்று காலை கில்டால் ஊரில் இல்லை. தொழில் விஷயமாகத் தன் விமானத்தில் போயிருந்தார். டோரதிதான் வந்தவர்களை வரவேற்றார். பேச்சைத் தொடங்கும் முன்பே ரகசிய ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துக் கேட்டார்கள். டோரதி தயங்கினார். கடைசியில் பேரம் கைகூடவில்லை.

ஐபிஎம் வேறு பக்கம் திரும்பியது. 'மைக்ரோசாப்ட்' கம்பெனியின் பில் கேட்ஸ் அந்த வேலையை ஒப்புக்கொண்டார். டிம் பேட்டர்சன் என்பவர் எழுதிய இயங்குதளத்தை மைக்ரோசாப்ட் விலைக்கு வாங்கியது. அது சிபி/எம்மைப் போலவே நடக்கும்படி எழுதப்பட்டது.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் கம்ப்யூட்டர் வெளிவந்தது. கில்டால் சீறினார். வழக்கு வரும் என்று கண்ட ஐபிஎம், சிபி/எம்மையும் விற்கச் சம்மதித்தது. ஆனால் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! மைக்ரோசாப்ட் தந்ததன் விலை 40 டாலர். சிபி/எம் விலை 240 டாலர். மக்கள் எதை வாங்குவார்கள்? பில் கேட்ஸ் உலகப் பணக்காரர் ஆனார்.

கடைசி நாட்கள்

கில்டால் சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டரைப் பற்றித் தொலைக்காட்சியில் மக்களுக்கு எடுத்துச் சொன்னார். 1985இல் ஒரு கலைக்களஞ்சியம் முழுவதையும் ஒரே குறுந்தட்டில் அடக்கி வெளியிட்டதிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1991இல் அவரது கம்பெனி 'நோவெல்' கம்பெனிக்குக் கைமாறியது.

பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் தன் உழைப்பின் பெயர் மறைந்ததே என்ற வருத்தம் அவரை விடவில்லை. தலையில் அடிபட்டு, 1994 ஜூலை 11ந் தேதி மான்டரேயில் காலமானார். அப்போது அவருக்கு வயது 52. 2014இல் பசிபிக் குரோவில் அவர் கம்பெனி இருந்த கட்டிடத்தின் முன் நினைவுப் பலகை பதித்தார்கள்.

மறக்கக் கூடாதது

பயாஸ் இருந்த இடத்துக்கு இன்று 'யுஇஎப்ஐ' என்ற புது அமைப்பு வந்துவிட்டது. ஆனாலும் கடைக்காரர்கள் வாயில் பயாஸ் என்ற பெயர்தான் வருகிறது.

மதர்போர்டை மாற்றப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. முதலில் படங்களையும் கணக்குகளையும் வேறு தட்டில் பதிந்து வைக்கவேண்டும். தட்டுக்குப் பூட்டுப் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். புதுப் பலகையைக் கண்டதும் விண்டோஸ் மறுபடியும் உரிமம் கேட்கலாம். உரிமம் பழைய மதர்போர்டோடு சேர்ந்தே வந்திருந்தால் புதிதாக வாங்க நேரலாம். புதுப் பலகைக்கு ஏற்ற 'டிரைவர்' என்ற சிறு கட்டளைகளையும் சேர்க்கவேண்டும். பழைய வாய்க்காலில் புதுத் தண்ணீர் ஓட இவ்வளவு போதும்.

எஞ்சினை மாற்றலாம், வாய்க்காலை இடிக்க வேண்டாம். இந்த வழியை உலகுக்குக் காட்டியவர் கேரி கில்டால்.